கணக்கு படித்த இரண்டு கோட்டுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, அதனால் நலம். உன் அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக, என் பிடரி நீங்கலாக, உன் அத்தையின் வாய் நீங்கலாக மற்றதெல்லாம் நலமே. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா. போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ம் என்கிறாய், அதை வைத்துக்கொண்டு நான் என்னவென்று புரிந்துகொள்வது. போனில் பேச இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் போனைப் பிடுங்கி, உன் இஷ்டம்மா, நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தும் விடுகிறார். அதனால்தான் கடிதம். மாடி வீட்டு நர்ஸ் பயிற்சிக்காக உன் ஊருக்கு வருகிறாளாம், ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கே வந்து உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றாள். இப்போது கோர்ட்டு நடக்கிற நேரம், நம் தையல் கடையில் ஆள் இல்லை, துணி வெட்டும் மேஜைமேல் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள், நேராக ஓட்ட எனக்கு மெஷின் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தாவரவியலை விட்டுவிட்டு அரசியல் பாடத்தில் முதல் வருஷத்திலிருந்து சேரப் போகிறேன், மாதக் கடைசிக்குள் கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு வருஷம் படித்தாயிற்று, ஒரு வருஷம் பாக்கி. பாதிக் கிணறு தாண்டினவர்களைப் பற்றிப் பேசுவார்கள், முக்கால் கிணறு தாண்டிவிட்டு, இல்லை இல்லை, திரும்பிப் போய் முதலிலிருந்து தாண்டுகிறேன் என்பவளை இப்போதுதான் பார்க்கிறேன். அரசியல் படித்தவர்களைத்தான் சட்டக் கல்லூரியில் எடுப்பார்கள் என்று விடுதியில் உன் மேல் வகுப்புப் பெண் சொன்னாள் என்கிறாய். உன் சித்தப்பாவும் அதையேதான் சொல்கிறார். செடி கொடி படிச்சவளுக்குச் சட்டத்துல என்ன வேலை, அங்க எல்லாம் சரித்திரம், அரசியல்னு படிச்சிட்டு வரணும் அண்ணி என்று, சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடித்துச் சொன்னார். உன் சித்தப்பாவைத் தெரியும் அல்லவா, இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, விசாரித்துத் தெரிந்துகொண்ட விஷயமும் ஒன்றும் கிடையாது.

அப்பா சரி என்று சொல்லிவிட்டார், நீ ஏன் குறுக்கே நிற்கிறாய் என்று கேட்பாய். அவர் சரி சொன்ன அழகை நீ பார்க்கவில்லை. போனை வைத்ததும், பாத்தியா, பொண்ணு எவ்வளவு தெளிவா யோசிக்கிறா என்று என்னிடம் பெருமை பேசினார். பிறகு டிப்போவுக்குக் கிளம்புகிறேன் என்று உள்ளே போனவர் காக்கிப் பேண்டில் ஒரு காலை மட்டும் விட்டுக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கிளட்சு மிதிக்கிற கால் வீங்கிப் போய் இருக்கிறது, இனிமேல் பஸ் ஓட்டாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ பட்டம் வாங்குகிற மாதம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. இப்போது, இன்னும் ரெண்டு வருஷம் கூடுதல், அவ்வளவுதானே, கால் எங்க ஓடியா போயிடும் என்கிறார். ஓடினால்தான் பரவாயில்லையே, நடக்கவே மாட்டேன் என்கிறது. உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை கண்ணு. தெரியாமல் ஒரு முடிவு எடுத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் நீ தாங்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சட்டக் கல்லூரியைப் பற்றி என்ன தெரியும். ஒன்றும் தெரியாது. ஆனால் யோசித்துப் பார்த்தேன், கடை இருப்பது கோர்ட்டுக்கு எதிரே, இந்த ஊர் வக்கீல்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும். பெரிய விடுமுறை முடிந்து கோர்ட்டு திறக்கிற வாரம் வேறு, உனக்கே தெரியும் அந்தக் கூட்டம். விடுமுறையில் உடம்பு ஏறிவிடுகிறது, கோட்டு மட்டும் போன வருஷத்திலேயே நின்றுவிடுகிறது, எல்லோருக்கும் திங்கட்கிழமைக்குள் தையலைப் பிரித்து அகலமாக்கித் தர வேண்டும். மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டுவிட்டால் யாராக இருந்தாலும் நகர முடியாது, அந்த நேரம் பார்த்து, சார், சட்டத்துக்கு முன்னாடி என்ன படிச்சீங்க என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒருவர் வேதியியல் என்றார். ஒருவர் சங்கீதம் படித்தவராம், முகத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது, கொலைக் கேஸ் நடத்துகிறவர். அந்த வழுக்கைத் தலைக்காரர் உடற்கல்விப் பட்டம் வாங்கியவராம், இப்போது படியேறினாலே மூச்சு வாங்குகிறார். குடையை எப்போதும் விட்டுவிட்டுப் போகிற அம்மாள் மனையியல் படித்தேன் என்றாள். அரசியல் படித்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களும் மற்றவர்களோடு மற்றவர்களாகத்தான் பொத்தான் கேட்டு வந்து நின்றார்கள்.

இதில் ஒரு கூத்து நடந்தது, சொன்னால் சிரிப்பாய், நான் இன்னும் சிரிக்கவில்லை. கடையில் அளவு எடுப்பது நான், சீட்டில் எழுதுவது உன் அத்தை. கறுப்புக் கோட்டு எல்லாம் ஒரே மாதிரி, பெயர் எழுதினால் ஆள் யாரென்று நினைவு வருவதில்லை என்று அத்தை அடையாளம்தான் எழுதுவாள், வழுக்கை, குடை, மூக்குப்பொடி, இப்படி. யாராவது சீட்டைப் படித்துவிட்டால் மானம் போய்விடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் படிப்பைக் கேட்க ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம், இனிமே மரியாதையாவே எழுதலாம் அண்ணி என்று, மார்பு நாற்பத்திரண்டு, வேதியியல், இடுப்பு முப்பத்தாறு, சங்கீதம் என்று எழுதிக் கோட்டில் குத்திக்கொண்டே வந்தாள். அந்த அவசரத்தில் அதுவும் நல்லதாகத்தான் பட்டது. கணக்கு படித்தவர்கள் இரண்டு பேர் வருவார்கள் என்று நாங்கள் இருவரும் நினைக்கவில்லை. ஒருவர் பெரிய வக்கீல், ஆளும் பெரிய ஆள், கோட்டைப் பிரித்துவிடச் சொன்னார். இன்னொருவன் புதிதாக வந்த பையன், மூங்கில் குச்சி போல இருப்பான், அண்ணனுடைய கோட்டைக் கொண்டுவந்து பிடித்துத் தரச் சொன்னான். இஸ்திரி போடும்போது இரண்டு சீட்டையும் கழற்றி வைத்த அத்தை திரும்பக் குத்தும்போது மாற்றிக் குத்திவிட்டாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போயிருந்தது, கோட்டைத் தனியாகப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், நான் சீட்டை மட்டும் பார்த்துத் தைத்தேன். பெரியவருடைய கோட்டை இன்னும் பிடித்துவிட்டேன், பையனுடைய கோட்டை இருந்த துணி எல்லாம் இழுத்துப் பிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்து மூச்சு விடுவதற்குள் பெரியவர் வந்து நின்றார். கோட்டு முழங்கை வரைக்கும்தான் ஏறியிருக்கிறது, இரண்டு கையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது, மேலேயும் போகவில்லை, கழற்றவும் வரவில்லை. அந்தக் கோலத்திலேயே தெருவைக் கடந்து வந்திருக்கிறார். ஏம்மா, இது எனக்குத் தச்சதா, என் பேரனுக்கா என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அத்தை உள் அறைக்குப் போனவள் அவர் போகும் வரை வெளியே வரவில்லை. பத்து நிமிஷம் உக்காருங்க சார், இப்பவே பிரிச்சுத் தர்றேன் என்று கோட்டை உருவி எடுத்து ஊசியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், சட்டையோடு பார்த்தால் அவரும் அலுத்துப் போன ஒரு மனுஷர்தான். சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, அது என்னம்மா கணக்குன்னு எழுதியிருக்கு என்று கேட்டார். என்ன செய்வது, உள்ளதைச் சொன்னேன். என் பொண்ணு இப்படி, ஒருத்தி இப்படிச் சொன்னா, அவ சித்தப்பா இப்படிச் சொன்னார், அதனால வர்றவங்களை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கேன் சார் என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுதேன் என்று நினைக்காதே, அலுப்புதான்.

அவர் சாயங்கால வகுப்புகளுக்குச் சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவராம், புதிதாகச் சேர வருகிறவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற மேஜையிலும் இருப்பவராம். யார் வாயிலிருந்து கேட்க வேண்டுமோ அவரையே கை மாட்டாத கோட்டோடு கடவுள் கொண்டுவந்து விட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பாடம் படிச்சாத்தான் எடுப்போம்னு எங்ககிட்ட ஒரு சட்டமும் கிடையாதும்மா. எந்தப் பட்டமா இருந்தாலும் அதுல உருப்படியா மார்க் வாங்கியிருக்கணும், நுழைவுத் தேர்வுல தேறணும், எதிர்ல உக்காந்து பேசும்போது தலைக்குள்ள ஏதோ ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான் என்றார். அரசியல் படித்தால் ஒன்றுமே லாபமில்லையா என்று கேட்டேன். லாபம் இருக்கு, முதல் ரெண்டு மூணு மாசம் பழகின வார்த்தை காதுல விழும், அப்புறம் எல்லாரும் ஒண்ணுதான் என்றார். பிடிக்காத பாடத்தில் போய்க் குறைந்த மார்க் வாங்கினால் அந்த மார்க்தான் கண்ணை உறுத்துமே தவிரப் பாடத்தின் பெயரை யாரும் பார்ப்பதில்லையாம். அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நீளமாக எழுதிப் பழக்கம் இருக்காது, அதனால் தினமும் ஏதாவது வாசித்து, படித்ததை இரண்டு பக்கம் சொந்தமாக எழுதச் சொல் என்றார். இதெல்லாம் எங்கள் கல்லூரி வழக்கம், உன் பெண் போக நினைக்கிற இடத்தில் அவளையே ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல் என்றும் சொன்னார். அதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்த இடம். உன் சித்தப்பா இதுவரை ஒரு தடவைகூட விசாரித்துப் பார் என்று சொன்னதில்லை.

பிறகு, செடி கொடின்னியே, அதுல அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். பாசி சார் என்றேன். பாசியா என்றார். ஆமா சார், எங்க குழாயடிச் சுவர்ல படர்ந்திருக்கே, அதேதான் என்றேன். போன லீவில் நீ வந்தபோது நான் பிரஷும் கையுமாகத் தேய்க்கப் போக, நீ கத்திக்கொண்டு குறுக்கே வந்து விழுந்தாயே, அதைச் சொன்னேன். பூதக்கண்ணாடியை என் கண்ணில் வைத்து அழுத்தி, ஈரத் தரையில் என்னையும் குந்த வைத்து நீ காட்டினதைச் சொன்னேன். வேரே கிடையாதாம் சார் அதுக்கு, வெயில்ல காஞ்சு செத்த மாதிரி கிடக்குமாம், ஒரு கை தண்ணி தெளிச்சா கண்ணு முன்னாடியே எழுந்துக்குது, நானே பாத்தேன் சார் என்றேன். புகை அதிகமான இடத்தில் அது வராதாம், அதனாலதான் எங்க வீட்டுக்காரர் டிப்போச் சுவர்ல ஒரு பொட்டுகூட இல்ல, அந்தச் சுவரையும் இந்தச் சுவரையும் பாத்தாலே எந்த இடத்துல காத்து நல்லா இருக்குன்னு சொல்லிடலாமாம் என்றேன். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன், கையில் ஊசி, மடியில் கோட்டு, பிரித்து முடித்துவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் என்னை நிறுத்தவே இல்லை. கடைசியில் கோட்டை வாங்கிக்கொண்டு எழுந்து என்ன சொன்னார் தெரியுமா. கேட்ட உனக்கே இவ்வளவு ஞாபகம் இருக்குன்னா, சொன்னவ எப்படிச் சொல்லியிருப்பா, அந்தப் பொண்ணை எதுக்கும்மா மாத்தப் பாக்கிறீங்க, ஆலைப் புகை, ஆத்துத் தண்ணினு கேஸ் வரும்போது இதெல்லாம் தெரிஞ்ச வக்கீல் கிடைக்காம நாங்கதான் அல்லாடறோம் என்றார். கையை விட்டுப் பார்த்தார், கோட்டு மாட்டியது, போய்விட்டார். மூங்கில் குச்சிப் பையன் மட்டும் இன்னும் வரவில்லை, அந்தத் தொளதொளக் கோட்டோடுதான் கோர்ட்டுக்குப் போகிறான் போலிருக்கிறது, பாவம், கேட்கப் பயப்படுகிறானோ என்னவோ.

அவர் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது, உன்மேல்தான். நீ வக்கீலாக வேண்டும் என்பதை நான் தப்புச் சொல்லவில்லை. அப்பாவின் பஸ் விபத்து வழக்கு வாய்தா வாய்தா என்று இழுத்தபோது அவரோடு கோர்ட்டு வராந்தாவில் நின்று நின்று உனக்கு அந்த எண்ணம் வந்தது, அது நல்ல எண்ணம், அதை விடாதே. ஆனால் அதற்காக யாரோ ஒருத்தி சொன்னாள் என்று, ஆசையாகப் படித்துக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்களிடம் ஏதோ பெரிய மனுஷி மாதிரி, யோசிச்சுத்தாம்மா முடிவு பண்ணேன் என்று சொன்னாய் பார், அப்போது உன் குரலே நன்றாக இல்லை. பாசியைப் பற்றிப் பேசினால் என் போன் சூடாகிக் காது சுடும், அரசியல் பாடத்தைப் பற்றி ஒரே வரிதான் சொன்னாய். நான் பெற்றவள், எனக்கா தெரியாது. தாவரவியலே உண்மையில் வெறுத்துப் போய்விட்டது என்றால் அதைச் சொல், அது வேறு பேச்சு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், இன்னும் நாலு கோட்டு கூடத் தைத்தால் போகிறது. சட்டத்துக்காக என்று மட்டும் சொல்லாதே, அது உண்மை இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

நேற்று அப்பாவிடம் பெரியவர் சொன்னதை எல்லாம் சொன்னேன். உன் இஷ்டம்மா என்று வழக்கம்போலத் தொடங்கினவர், எதிரே இருப்பது போனில் நீ இல்லை, நான் என்று நினைவு வந்து பாதியில் நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் ஆள் குழாயடியில், வீங்கின காலை நீட்டிக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, இதைப் பத்தியா ரெண்டு வருஷமா படிக்கிறா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மெத்து மெத்துன்னு இருக்கே என்றார். அப்படியே எழுந்து டிப்போவுக்குப் போய்விட்டார்.

கோர்ட்டு விடுகிற நேரம் ஆகிவிட்டது, கூட்டம் வந்துவிடும், முடிக்கிறேன். மேல் வகுப்புப் பெண் சொன்னாள், அம்மா சொன்னாள், வக்கீல் சொன்னார் என்று யார் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நீ போக நினைக்கிற கல்லூரிக்கே எழுதிக் கேள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. நர்ஸிடம் இருமலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன், அதை அலமாரிக்குக் கொடுக்காமல் நீ குடி. சாப்பாட்டை விட்டுவிட்டுப் படிக்காதே. அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், இனிமேல் சீட்டில் பெயரே எழுதுகிறாளாம், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். நீ எந்தக் கோட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பு சுகத்தோடும் மன நிறைவோடும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் இருவர் வேண்டுதல்.

ஒன்று மறந்துவிட்டேன். குழாயடிச் சுவரை நீ போனதிலிருந்து நான் தேய்க்கவில்லை. இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தேன், உன் அத்தை தினமும் திட்டுகிறாள். கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிட்டாயானால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, பிரஷ் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்கவில்லை என்றால் ஒன்றும் எழுத வேண்டாம், அது பாட்டுக்கு வளரட்டும்.

இப்படிக்கு,
கறுப்பு நூலும் கையுமாக,
உன் அம்மா